உட்கருவிலிருந்து மைட்டோகாண்ட்ரியா வரை: ஆற்றல் மரபணுக்களைப் படியெடுத்தல் காரணிகள் நடத்தும் விதம்

மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாக டிஎன்ஏ உண்டு என்பது உயிரியல் படித்த எல்லோருக்கும் தெரியும். அந்த டிஎன்ஏவை மட்டும் நம்பினால் அதனால் ஒரு நாளும் பிழைக்க முடியாது என்பதைத்தான் பலர் யோசித்துப் பார்ப்பதில்லை. மனித மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் நீளம் 16,569 கார இணைகள். அதில் 37 மரபணுக்கள். அவற்றுள் புரதம் தருபவை 13 மட்டுமே. மற்ற 24-இல் 22 கடத்து ஆர்என்ஏவுக்கும் 2 ரைபோசோம் ஆர்என்ஏவுக்கும் உரியவை. மைட்டோகாண்ட்ரியாவில் வேலை செய்யும் புரதங்களின் மரபணுக்களைத் தொகுத்த மைட்டோகார்ட்டா 3.0 பட்டியலில் 1,136 பெயர்கள் உள்ளன. அந்த 13-ஐக் கழித்துவிட்டால் எஞ்சிய அத்தனையும் உட்கருவில்தான் இருக்கின்றன, அதுவும் பல குரோமோசோம்களில் சிதறி.

தசை தொடர்ந்து உழைக்கத் தொடங்கினால் இந்த நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஏறத்தாழ ஒன்றாக எழுகின்றன. யார் சொல்லி எழுகின்றன? பாடநூல்கள் பெரும்பாலும் பிஜிசி-1ஆல்பா என்ற ஒரு பெயரைச் சொல்லி, அதைத் தலைமைச் சுவிட்ச் என்று அழைத்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஒற்றைச் சுவிட்ச் என்று நினைத்துப் படித்தால் இந்தத் துறையின் பாதிச் சோதனைகள் புரியாமலே போகும். மரபணுவின் வாசலில் உள்ள சிறு எழுத்துத் தொடர்கள், அங்கே அமர்ந்து படியெடுப்பை (மரபணுவை ஆர்என்ஏவாகப் பிரதியெடுப்பதை) நடத்தும் புரதங்களான காரணிகள், அந்தக் காரணிகளின் மேல் அமர்ந்து அவற்றின் வேலையைக் கூட்டும் இணைத்தூண்டிகள், அவற்றுக்குச் செய்தி கொண்டுவரும் நொதிகள் என்று அடுக்கடுக்காக இந்த ஒழுங்கு கட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் அடுக்காக இறங்கிப் பார்ப்போம்.

படி 1: எந்த மரபணு எங்கே என்று கணக்குப் பிரியுங்கள்

ஒரு தாளில் ஐந்து வரிசைகள் போடுங்கள். செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியின் தயாரிப்பில் பங்குபெறும் ஐந்து புரதக் கூட்டமைப்புகளுக்கு ஒவ்வொரு வரிசை. கூட்டமைப்பு 1-இல் 45 துணையலகுகள், அதாவது உறுப்புப் புரதங்கள். அவற்றில் 7 மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவிலிருந்து வருகின்றன. கூட்டமைப்பு 2-இல் 4. நான்கும் உட்கருவுக்குச் சொந்தம். கூட்டமைப்பு 3-இல் 11. சைட்டோகுரோம் பி ஒன்றுதான் மைட்டோகாண்ட்ரியாவுடையது. சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் எனப்படும் கூட்டமைப்பு 4-இல் மையத்தில் உள்ள பெரிய மூன்றும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்தும், அவற்றைச் சூழ்ந்த பத்துக்கு மேற்பட்டவை உட்கருவிலிருந்தும் வருகின்றன. ஏடிபி சிந்தேஸ் எனும் கூட்டமைப்பு 5-இல் மைட்டோகாண்ட்ரியாவுடையவை 2 மட்டும். கூட்டினால் 13. மைட்டோகாண்ட்ரியாவின் புரத மரபணுக்கள் அனைத்தும் சுவாசச் சங்கிலி எனப்படும் இந்த வரிசைக்கே செலவாகிவிடுகின்றன.

அடுத்த கணக்கு இன்னும் முக்கியம். அந்த 13 மரபணுக்களைப் படியெடுக்கும் ஆர்என்ஏ பாலிமரேஸ், அந்த டிஎன்ஏவைப் பிரதியெடுக்கும் பாலிமரேஸ் காமா, மைட்டோகாண்ட்ரியா ரைபோசோமின் எல்லாப் புரதங்கள், வெளியிலிருந்து வரும் புரதங்களை உள்ளே இழுக்கும் டாம், டிம் வாயில்கள், கூட்டமைப்புகளைப் பூட்டிக்கொடுக்கும் உதவிப் புரதங்கள் ஆகிய எல்லாவற்றின் மரபணுக்களும் உட்கருவில் உள்ளன. தன் டிஎன்ஏவைத் தானே படிக்கக்கூட மைட்டோகாண்ட்ரியாவால் முடியாது.

இங்கே ஒரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. ஒரு செல்லில் உட்கரு மரபணு இரண்டு பிரதிகள்தான். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவோ நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கு வரை. பிரதி எண்ணிக்கையில் இவ்வளவு ஏற்றத்தாழ்வு இருந்தும் கூட்டமைப்பு 4-இல் உட்கருத் துணையலகும் மைட்டோகாண்ட்ரியாத் துணையலகும் ஒன்றுக்கு ஒன்றாகப் பொருந்த வேண்டும். பொருந்தாத உதிரிப் புரதங்கள் செல்லுக்குச் சுமை. ஆகவே இரண்டு டிஎன்ஏக்களையும் ஒரே நேரத்தில் நடத்தும் வழி செல்லுக்குத் தேவைப்படுகிறது. அந்த வழி எது என்ற கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

படி 2: மரபணுவின் வாசலைப் படியுங்கள்

ஒவ்வொரு மரபணுவுக்கும் படியெடுப்புத் தொடங்கும் இடத்தை ஒட்டி புரோமோட்டர் என்ற பகுதி உண்டு. ஆற்றல் மரபணுக்களின் புரோமோட்டர்களில் டாட்டா பெட்டி என்னும் பழக்கப்பட்ட தொடர் பெரும்பாலும் இருப்பதில்லை. சி, ஜி எழுத்துகள் செறிந்த பரப்பாகத்தான் அவை தோன்றும். அதனால் தொடக்கத்தில் இவற்றைச் சும்மா எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் பராமரிப்பு மரபணுக்கள் என்று ஒதுக்கிவைக்கும் போக்கு இருந்தது. அந்தப் போக்கை மாற்றியது, சுவாசச் சங்கிலியில் எலக்ட்ரானைக் கடத்தும் புரதமான சைட்டோகுரோம் சி-யின் மரபணு.

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்கார்புல்லாவின் ஆய்வுக்குழு, எலியின் சைட்டோகுரோம் சி புரோமோட்டரைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தது. எந்தத் துண்டை எடுத்தால் மரபணு மங்குகிறது என்று தேடி, ஒரு குறுகிய தொடரைப் பிடித்தது. அதில் அமரும் புரதத்துக்கு நியூக்ளியர் ரெஸ்பிரேட்டரி ஃபாக்டர்-1, சுருக்கமாக என்ஆர்எஃப்-1, என்று பெயர் வைத்தது. 1989, 1990 ஆண்டுகளில் வெளிவந்த இந்த வேலைதான் துறையின் அடித்தளம்.

அந்தத் தொடரைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். அதன் உள்ளகம் ஜி-சி-ஜி-சி-ஏ-டி-ஜி-சி-ஜி-சி. எதிர் இழையில் எதிர்த்திசையில் படித்தாலும் இதே எழுத்துகள் வரும். என்ஆர்எஃப்-1 தனியாக வராமல் இரட்டையாக வந்து அமர்வதற்கு இதுவே காரணம்: ஒவ்வொரு பாதியும் ஒரு பாதித் தொடரைப் பிடிக்கிறது. இன்னொன்றும் கவனியுங்கள். தொடரின் இரு பாதியிலும் சி-யை அடுத்து ஜி வருகிறது. டிஎன்ஏவில் மீத்தைல் முத்திரை குத்தப்படுவது இப்படிப்பட்ட இடங்களில்தான். முத்திரை விழுந்தால் என்ஆர்எஃப்-1 அங்கே அமராது. ஆகவே தொடர் இருப்பது மட்டும் போதாது. அந்த இடம் மீத்தைல் இன்றித் திறந்தும் இருக்க வேண்டும். கணினியில் தொடரைத் தேடிக் கண்டுபிடித்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் சறுக்கும் இடம் இது.

இரண்டாவது பெயர் என்ஆர்எஃப்-2. இதையும் ஸ்கார்புல்லா குழுவே, கூட்டமைப்பு 4-இன் நான்காம் துணையலகான காக்ஸ்4 மரபணுவின் புரோமோட்டரில், 1991-இல் இனங்கண்டது. எலியில் ஏற்கெனவே ஜிஏபிபி என்று அறியப்பட்ட புரதத்தின் மனித வடிவம் இது. இதன் ஆல்பா துணையலகு டிஎன்ஏவில் ஜி-ஜி-ஏ-ஏ என்ற சிறு தொடரைப் பிடிக்கும். பீட்டா துணையலகு டிஎன்ஏவைத் தொடாமல், படியெடுப்பைத் தூண்டும் பகுதியைச் சுமந்து வரும். இரண்டு ஆல்பா, இரண்டு பீட்டா சேர்ந்து நால்வராக அமர்வதால், அருகருகே இரண்டு ஜி-ஜி-ஏ-ஏ தொடர்கள் உள்ள புரோமோட்டரில் பிடி இறுகும்.

ஒரு எச்சரிக்கை. ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை எதிர்க்கும் மரபணுக்களை நடத்தும் இன்னொரு புரதத்தையும் என்ஆர்எஃப்2 என்றே எழுதுகிறார்கள். அதன் மரபணுவின் முறையான பெயர் என்எஃப்இ2எல்2. இரண்டுக்கும் குடும்ப உறவே இல்லை. ஆய்வுக் கட்டுரைகளில்கூட இந்த இரண்டும் குழம்பிக் கிடப்பதைக் காணலாம். எந்தத் தகவலை எடுத்தாலும் முறையான மரபணுப் பெயரைச் சரிபார்த்துவிட்டு மேலே செல்லுங்கள்.

இந்த இரண்டு காரணிகளின் தொடர்கள் எங்கெல்லாம் இருக்கின்றன என்று தேடத் தொடங்கிய பிறகு வந்தவை அழகான முடிவுகள். கூட்டமைப்பு 4-இன் உட்கருத் துணையலகுகள், கூட்டமைப்பு 2-இன் துணையலகுகள், ஹீம் தயாரிப்பின் முதல் நொதி, டாம் வாயிலின் புரதம், தாமிரத்தைக் கொண்டுசேர்க்கும் காக்ஸ்17 எனப் பட்டியல் நீண்டது. வேறுபட்ட குரோமோசோம்களில் உள்ள மரபணுக்கள் ஒன்றாக எழுவதற்கான முதல் விடை இதுதான்: அவற்றின் வாசல்களில் ஒரே எழுத்துத் தொடர் பொறிக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் இந்தக் காரணிகள் மைட்டோகாண்ட்ரியாவுக்காக மட்டும் உழைப்பவை அல்ல. செல் பிரிதலுக்கு வேண்டிய மரபணுக்கள் பலவற்றிலும் என்ஆர்எஃப்-1 அமர்கிறது. என்ஆர்எஃப்-1 மரபணுவை முழுதாக நீக்கிய எலிக்கரு கருப்பையில் பதியும் காலத்தை ஒட்டியே இறந்துவிடுகிறது. அதன் தொடக்கநிலைக் கருக்களில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ வெகுவாகக் குறைந்திருந்ததையும் கண்டார்கள். இறப்புக்கு ஆற்றல் பற்றாக்குறை மட்டுமே காரணமா, மற்ற வேலைகளும் நின்றுபோனதா என்று அந்த ஒரு சோதனையை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

படி 3: மற்ற காரணிகளையும் அதே தாளில் குறியுங்கள்

என்ஆர்எஃப் இரண்டோடு நின்றுவிடாதீர்கள். ஈஆர்ஆர்-ஆல்பா என்னும் உட்கரு ஏற்பி (டிஎன்ஏவில் நேராக அமரும் ஏற்பிப் புரதம்) முதன்முதலில் 1988-இல் அறியப்பட்டது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைப் போன்ற உடலமைப்பு. ஆனால் ஈஸ்ட்ரோஜன் அதற்கு வேண்டியதில்லை. டி-சி-ஏ-ஏ-ஜி-ஜி-டி-சி-ஏ என்ற தொடரில் அமர்ந்து, சுவாசச் சங்கிலி மரபணுக்களையும் சிட்ரிக் அமிலச் சுழற்சியின் நொதிகளையும் கொழுப்பை எரிக்கும் நொதிகளையும் ஒரே பிடியில் கொண்டுவருகிறது. இதயம், உடலுக்கு வெப்பம் தரும் பழுப்புக் கொழுப்பு போன்ற ஆற்றல் பசி மிகுந்த திசுக்களில் இதன் பங்கு பெரிது. கொழுப்பமில எரிப்பில் பிபிஏஆர்-ஆல்பா துணை நிற்கிறது. கிரெப், ஒய்ஒய்1, எஸ்பி1, மிக் ஆகியவையும் வாசலுக்கு வாசல் மாறி மாறி வருகின்றன.

சைட்டோகுரோம் சி வாசலுக்கே திரும்பிப் பார்த்தால் இந்தக் கூட்டின் பொருள் விளங்கும். அங்கே என்ஆர்எஃப்-1 தொடரும் உண்டு, கிரெப் அமரும் தொடர்களும் உண்டு. பிரியாமல் ஓய்ந்திருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களுக்கு இரத்த சீரம் ஊட்டினால், இந்த இரண்டு காரணிகளிலும் பாஸ்பேட் ஏறி, சைட்டோகுரோம் சி எழுகிறது. இது வளர்ச்சியின் அழைப்புக்கு வரும் மறுமொழி. உழைக்கும் தசையில் அதே மரபணு எழும்போது அழைப்பு வேறு. ஒரே வாசலில் பல தொடர்கள் இருப்பதால், வெவ்வேறு காரணங்களுக்காக ஒரே மரபணுவை எழுப்பச் செல்லால் முடிகிறது. ஊர் கூடித் தேர் இழுப்பதைப் போன்ற ஏற்பாடு இது. ஒரு கை தளர்ந்தாலும் வடம் நகரும்.

படி 4: டிஎன்ஏவைத் தொடாத புரதத்தைத் தேடுங்கள்

என்ஆர்எஃப்-1 எப்போதும் வாசலில் அமர்ந்தே இருக்கக்கூடிய காரணி. குளிரோ உழைப்போ வந்ததும் மரபணுக்கள் ஏன் திடீரென எழுகின்றன என்பதை அது தனியாக விளக்காது. விளக்கத்தின் மீதிப் பகுதி 1998-இல் வந்தது. புரூஸ் ஸ்பீகல்மேனின் ஆய்வகத்தில் பெரே புய்க்செர்வரும் உடன் பணிபுரிந்தோரும், பழுப்புக் கொழுப்பில் பிபிஏஆர்-காமா என்ற ஏற்பியோடு கைகோக்கும் புரதங்களைத் தேடினார்கள். கிடைத்தது பிஜிசி-1ஆல்பா. குளிரில் வைத்த எலிகளின் பழுப்புக் கொழுப்பிலும் தசையிலும் அதன் அளவு சட்டென்று ஏறியது.

பிஜிசி-1ஆல்பா 798 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். டிஎன்ஏவில் ஒரு தொடரைத் தேர்ந்து அமரும் திறன் அதற்கு இல்லை. ஏற்கெனவே அங்கே அமர்ந்திருக்கும் காரணியின் மேல்தான் ஏறிக்கொள்ளும். அதன் முன்முனையில் தூண்டும் பகுதி. அது, டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதங்களான ஹிஸ்டோன்களில் அசிட்டைல் குழு ஏற்றும் பி300, எஸ்ஆர்சி-1 போன்ற நொதிகளை அழைத்துவருகிறது. ஹிஸ்டோன்களில் அசிட்டைல் ஏறினால் அந்தச் சுருளான குரோமாட்டின் தளர்ந்து வாசல் விரிகிறது. முன்முனையை ஒட்டியே உட்கரு ஏற்பிகளைப் பிடிக்கும் லூசின் செறிந்த சிறு கொக்கிகள். பின்முனை மீடியேட்டர் என்னும் பெரும் கூட்டமைப்போடு இணைந்து, ஆர்என்ஏ பாலிமரேஸ் 2-ஐத் தொடக்கப் புள்ளிக்குக் கொண்டுவர உதவுகிறது. ஆர்என்ஏவைப் பிடிக்கும் பகுதியும் அங்கேயே உண்டு. வாசலைத் திறப்பதும் பாலிமரேஸை நிறுத்துவதும் ஆகிய இரண்டு வேலைகளையும் ஒரே புரதம் இணைத்துக் கொடுப்பதால்தான் இணைத்தூண்டி என்கிறோம்.

அடுத்த ஆண்டு, 1999-இல், அதே ஆய்வகம் செய்த சோதனை இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது. தசைச் செல்களில் பிஜிசி-1ஆல்பாவைக் கூட்டினார்கள். என்ஆர்எஃப்-1, என்ஆர்எஃப்-2 இரண்டின் அளவும் கூடியது. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ பெருகியது. ஆக்சிஜன் நுகர்வு உயர்ந்தது. இத்தோடு நிறுத்தியிருந்தால் அது ஓர் ஒத்துப்போதல் மட்டுமே. அவர்கள் வாசலில் அமரும் ஆனால் வேலை செய்யாத ஊனமுற்ற என்ஆர்எஃப்-1-ஐயும் அதே செல்களில் செலுத்தினார்கள். பிஜிசி-1ஆல்பா தாராளமாக இருந்தும் மைட்டோகாண்ட்ரியா பெருகவில்லை. இணைத்தூண்டியின் கட்டளை என்ஆர்எஃப்-1 வழியாகத்தான் இறங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

இப்போது தலைமைச் சுவிட்ச் கதைக்கு வருவோம். பிஜிசி-1ஆல்பாவை முழுதாக நீக்கிய எலிகள் பிறக்கின்றன, வளர்கின்றன. குளிரைத் தாங்குவதிலும் கடும் உழைப்பிலும் தடுமாறுகின்றன. ஆனால் அவற்றின் செல்களில் மைட்டோகாண்ட்ரியா இருக்கத்தான் செய்கின்றன. உடன்பிறப்பான பிஜிசி-1பீட்டாவையும் சேர்த்து நீக்கினால், இதயம் கைவிட்டுப் பிறந்த சில நாட்களுக்குள் இறந்துவிடுகின்றன. குடும்பத்தின் மூன்றாம் உறுப்பினரான பிஆர்சி, செல் பிரிவுக்கான அழைப்பில் எழுந்து வருகிறது. அடிப்படை அளவைக் காப்பதைப் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள். தேவைக்கேற்ப உயர்த்துவதில்தான் ஆல்பாவின் தனித்தன்மை. இதைத் தலைமைச் சுவிட்ச் என்று கற்பிப்பது மாணவருக்குச் செய்யும் அநீதி.

படி 5: செய்தி எப்படி வந்துசேர்கிறது என்று பின்தொடருங்கள்

உழைக்கும் தசையை எடுத்துக்கொள்ளுங்கள். தசை சுருங்கும்போது செல்லுக்குள் கால்சியம் உயர்கிறது. அது கால்சிநியூரின், காம்கைனேஸ் நொதிகளைத் தூண்ட, மெஃப்2, கிரெப் ஆகிய காரணிகள் பிஜிசி-1ஆல்பாவின் சொந்த வாசலில் வேலையைத் தொடங்குகின்றன. பிறந்த பிஜிசி-1ஆல்பா திரும்பி வந்து மெஃப்2-வின் மேல் அமர்ந்து தன் மரபணுவையே மேலும் தூண்டுகிறது. பழுப்புக் கொழுப்பில் குளிர் வரும்போது பாதை வேறு: நார்அட்ரினலின், பீட்டா ஏற்பி, சைக்ளிக் ஏஎம்பி, புரதக் கைனேஸ் ஏ, கிரெப். பட்டினியில் கல்லீரலுக்கு குளுகான் தரும் செய்தியும் இதே கிரெப் வழியாகவே நுழைகிறது. ஆனால் அங்கே பிஜிசி-1ஆல்பா குளுகோஸ் தயாரிக்கும் மரபணுக்களையும் எழுப்புகிறது. ஒரே இணைத்தூண்டி திசுவுக்குத் திசு வேறு பலன் தருகிறது, ஏனெனில் அங்கே அமர்ந்திருக்கும் காரணிகள் வேறு.

அளவு மட்டும் கணக்கில்லை. ஏடிபி செலவாகி ஏஎம்பி உயர்ந்தால் ஏஎம்பிகே என்ற நொதி விழித்துக்கொண்டு, பிஜிசி-1ஆல்பாவின் 177-ஆம் திரியோனினிலும் 538-ஆம் செரினிலும் பாஸ்பேட் ஏற்றுகிறது. பி38 கைனேஸ் வேறு இடங்களில் ஏற்றி, மிப்பிபி1ஏ என்ற அடக்குபவரை விலக்குகிறது. ஜிசிஎன்5 நொதி அசிட்டைல் ஏற்றி மட்டுப்படுத்துகிறது. என்ஏடி என்ற துணைமூலக்கூறு உயரும்போது செயல்படும் சர்ட்1 நொதி அந்த அசிட்டைலைக் கழற்றுகிறது. புரதத்தின் ஆயுளோ சில மணி நேரம்தான். எனவே இன்று எடுத்த ஒரு தசை மாதிரியில் பிஜிசி-1ஆல்பா எவ்வளவு என்ற ஒற்றை எண், அது எந்த நிலையில் இருந்தது என்பதைச் சொல்லாது.

கால இடைவெளியையும் மறக்கக் கூடாது. ஒருமுறை கடுமையாக உழைத்த மனிதத் தசையில் பிஜிசி-1ஆல்பாவின் செய்தி ஆர்என்ஏ சில மணி நேரத்தில் உச்சம் தொட்டு இறங்கிவிடும். சுவாசச் சங்கிலிப் புரதங்கள் மெதுவாகவே சேரும். ஜான் ஹாலோசி 1967-இல் எலிகளை வாரக்கணக்கில் ஓடவைத்துப் பயிற்றிய பிறகே தசை மைட்டோகாண்ட்ரியாவின் சுவாச நொதிகள் ஏறத்தாழ இருமடங்கானதைக் காட்டினார். அன்று இந்தக் காரணிகள் ஒன்றின் பெயரும் யாருக்கும் தெரியாது. திரும்பத் திரும்ப வரும் குறுகிய எழுச்சிகள் சேர்ந்து சேர்ந்துதான் நிலையான உயர்வாக மாறுகின்றன.

படி 6: இரண்டு டிஎன்ஏக்களையும் இணைக்கும் பாலத்தைக் கண்டுபிடியுங்கள்

படி 1-இல் விட்டுவைத்த கேள்வி இங்கே தீர்கிறது. டிஃபாம் என்ற புரதத்தின் மரபணு உட்கருவில் இருக்கிறது. ஸ்கார்புல்லா குழு 1994-இல் மனித டிஃபாம் புரோமோட்டரைத் திறந்தபோது, அங்கே என்ஆர்எஃப்-1, என்ஆர்எஃப்-2 இரண்டும் அமரும் தொடர்கள் இருந்தன. சுவாசச் சங்கிலியின் உட்கருத் துணையலகுகளை எழுப்பும் அதே கைகள், மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் படிக்கும் புரதத்தையும் எழுப்புகின்றன. இரு பக்கமும் சேர்ந்து உயர இந்த ஒரு கண்ணியே முதன்மையான காரணம்.

டிஃபாம் சைட்டோபிளாசத்தில் தயாராகி, முன்முனையில் உள்ள முகவரித் தொடரைக் காட்டி டாம், டிம் வாயில்களைக் கடந்து உள்ளே நுழைகிறது. முகவரி வெட்டப்படுகிறது. பிறகு மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் புரோமோட்டரில் அமர்ந்து, இழையை ஏறத்தாழ தலைகீழாகத் திரும்பும் அளவுக்கு, ஆங்கில எழுத்தான யு வடிவில், வளைக்கிறது. 2011-இல் வெளியான படிக அமைப்புகளில் இந்த வளைவைக் கண்ணாரப் பார்க்கலாம். வளைந்த இடத்தில் மைட்டோகாண்ட்ரியாவின் ஆர்என்ஏ பாலிமரேஸும் டிஎஃப்பி2எம் என்ற துணைவரும் சேர, இழை பிரிந்து படியெடுப்பு தொடங்குகிறது. டிஎஃப்பி2எம் மரபணுவின் வாசலிலும் அதே என்ஆர்எஃப் தொடர்கள்தான்.

டிஃபாமுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ முழுவதையும் போர்த்தி மடித்து வைப்பதும் அதுவே. அளவு குறைந்தால் டிஎன்ஏ பிரதிகள் குறையும். மிகுந்தால் இறுக்கம் கூடிப் படியெடுப்பு அடங்கும். ஆகவே, டிஃபாம் கூடினால் ஆற்றல் கூடும் என்ற நேர்க்கோட்டுக் கணக்கு எப்போதும் செல்லாது. முற்றிலும் இல்லாமல் போனாலோ விளைவு பேரழிவு: 1998-இல் நில்ஸ்-கோரன் லார்சன் குழு டிஃபாமை நீக்கிய எலிக்கருக்களில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவே அற்றுப்போய், அவை கருவிலேயே இறந்தன.

படி 7: தடைகளையும் எழுதுங்கள்

உயர்த்துபவர்களை மட்டும் எழுதினால் படம் பாதிதான். ஆக்சிஜன் குறையும்போது ஹிஃப்-1 என்ற படியெடுத்தல் காரணி நிலைபெற்று, பிடிகே1 நொதியைக் கூட்டுகிறது. அது பைருவேட் சிட்ரிக் அமிலச் சுழற்சிக்குள் நுழைவதை மட்டுப்படுத்துகிறது. அதே ஹிஃப்-1 கூட்டமைப்பு 4-இல் காக்ஸ்4-1 என்ற துணையலகுக்குப் பதில் காக்ஸ்4-2 என்பதைக் கொண்டுவருகிறது. பழையதை அகற்ற, புரதத்தைச் சிதைக்கும் நொதியான லான் புரோட்டியேஸையும் தூண்டுகிறது. கிடைக்கும் கொஞ்ச ஆக்சிஜனைச் செம்மையாகப் பயன்படுத்தும் மாற்றம் அது. ஆர்ஐபி140 என்னும் இணையடக்கி, பிஜிசி-1ஆல்பா ஏறும் அதே ஏற்பிகளில் ஏறி எதிர்வேலை பார்க்கிறது.

படி 8: திரும்பி வரும் செய்தியைக் கேளுங்கள்

கட்டளை உட்கருவிலிருந்து மட்டும் போகவில்லை. மைட்டோகாண்ட்ரியா தன் நலிவைத் திருப்பிச் சொல்கிறது. இதன் மிக நேர்த்தியான எடுத்துக்காட்டு சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் புழுவின் ஏடிஎஃப்எஸ்-1 காரணி. அதன் உடலில் இரண்டு முகவரிகள்: ஒன்று மைட்டோகாண்ட்ரியாவுக்கு, மற்றொன்று உட்கருவுக்கு. மைட்டோகாண்ட்ரியா நலமாக இருந்து இறக்குமதி ஒழுங்காக நடந்தால், அது உள்ளே இழுக்கப்பட்டுச் சிதைக்கப்படும். இறக்குமதி தடுமாறினால் வெளியே தங்கி, உட்கருவுக்குப் போய், பழுதுபார்க்கும் மரபணுக்களை எழுப்பும். வாயிலின் நலத்தையே அளவுகோலாக்கிய இந்த ஏற்பாடு 2012-இல் விளக்கப்பட்டது.

பாலூட்டிகளில் வழி சுற்றியது. மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் உள்ள ஓமா1 நொதி, அழுத்தம் வந்ததும் டெலெ1 புரதத்தை வெட்டுகிறது. வெட்டுண்ட துண்டு சைட்டோபிளாசத்துக்கு வந்து எச்ஆர்ஐ கைனேஸைத் தூண்டுகிறது. அது பொதுவான புரதத் தயாரிப்பைக் குறைத்து, ஏடிஎஃப்4 காரணியைக் கூட்டுகிறது. இந்தச் சங்கிலி 2020-இல்தான் பிடிபட்டது. ஏடிஎஃப்4 அமினோ அமிலத் தயாரிப்பு மரபணுக்களை எழுப்புகிறது. சுவாசச் சங்கிலியை நேராகக் கூட்டுவது அதன் நோக்கம் அல்ல. அதனால் மைட்டோகாண்ட்ரியா பழுதுபட்டால் பிஜிசி-1ஆல்பா தானாக உயரும் என்று எதிர்பார்ப்பது தவறு.

படி 9: ஒரு கூற்றைச் சோதிக்கும் முறை

ஏதோ ஒரு காரணி ஏதோ ஓர் ஆற்றல் மரபணுவை நடத்துகிறது என்று எங்காவது படித்தால், நான்கு கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். காரணி அந்த வாசலில், அந்தத் திசுவில், உண்மையில் அமர்கிறதா? இதைச் சொல்வது, காரணியோடு ஒட்டிய டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும் சிப் சோதனை. அமரும் தொடரில் ஓரிரு எழுத்துகளை மாற்றினால் மரபணு மங்குகிறதா? வாசலோடு இணைத்த லூசிஃபெரேஸ் என்ற ஒளிரவைக்கும் நொதியின் ஒளியை அளந்தோ, கிரிஸ்பர் முறையில் செல்லின் சொந்த டிஎன்ஏவையே மாற்றியோ பார்க்கலாம். இரண்டாவதுக்கே எடை அதிகம். காரணியை அகற்றினால் புரதம் குறைகிறதா? செய்தி ஆர்என்ஏ குறைந்ததைக் காட்டிவிட்டுப் புரதத்தைப் பற்றி மூச்சுவிடாத கட்டுரைகள் ஏராளம். பிஜிசி-1ஆல்பாவைப் பொறுத்தவரை புரதத்தைக் கண்டறியும் ஆன்டிபாடிகளில் பல நம்பத்தகாதவை. மரபணு நீக்கிய மாதிரியில் ஆன்டிபாடி காட்டும் பட்டை மறைகிறதா என்று காட்டாத படத்தை ஏற்காதீர்கள். கடைசியாக, செல்லின் ஆக்சிஜன் நுகர்வு மாறுகிறதா? மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ பிரதி எண்ணிக்கையை மட்டும் அளந்து மைட்டோகாண்ட்ரியா பெருகியது என்று முடிவுகட்டுவது பலவீனமான வாதம். தசையில் மைட்டோகாண்ட்ரியா நொதியான சிட்ரேட் சிந்தேஸின் செயல்பாடு அதைவிட நல்ல அளவுகோல்.

மாற்றத்தின் அளவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வம்சி மூதாவும் உடன் பணிபுரிந்தோரும் 2003-இல் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களின் தசையை நலமானவர்களின் தசையோடு ஒப்பிட்டார்கள். ஒவ்வொரு மரபணுவாகப் பார்த்தபோது ஒன்றுகூடப் புள்ளியியல் வாசலைத் தாண்டவில்லை. ஐந்து கூட்டமைப்புகளுக்குரிய ஆக்சிஜனேற்ற பாஸ்பேட் ஏற்ற மரபணுக்களை ஒரே தொகுதியாகப் பார்த்தபோது, பெரும்பாலானவை சுமார் 20 சதவீதம் அளவுக்கு ஒரே திசையில் இறங்கியிருந்தன. தனித்தனியே கண்ணுக்குப் படாத சரிவு, கூட்டமாகப் பார்த்தால் மறுக்க முடியாதது. மறு ஆண்டு அதே ஆய்வாளர்கள், தசைச் செல்களில் பிஜிசி-1ஆல்பாவைக் கூட்டியதும் எழும் மரபணுக்களின் வாசல்களில் எந்தத் தொடர்கள் மிகுந்திருக்கின்றன என்று தேடினார்கள். முன்வந்தவை இரண்டு: ஈஆர்ஆர்-ஆல்பாவின் தொடர், என்ஆர்எஃப்-2 அமரும் தொடர். ஈஆர்ஆர்-ஆல்பாவைத் தடுக்கும் மருந்துப் பொருளைத் தசைச் செல்களில் சேர்த்ததும், பிஜிசி-1ஆல்பா கூட்டப்பட்ட நிலையிலும் இந்த மரபணுக்களின் எழுச்சி தணிந்தது. செல்களின் ஆக்சிஜன் நுகர்வும் இறங்கியது.